மெட்டாலிகாவின் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்': பேஸ் எங்கே போச்சு?

அமெரிக்க மெட்டல் இசைக்குழு மெட்டாலிகாவின் இந்த ஆல்பத்தை முதல்முறை போட்டுக் கேட்பவர் இரண்டாவது பாட்டுக்குள் தன் ஸ்பீக்கரைச் சந்தேகப்படுவார். ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. அடிச்சுருதி வாசிக்கும் பேஸ் கிட்டார் நிஜமாகவே கேட்காது. 1988-இல் வெளிவந்தது, ஒன்பது பாட்டு, 65 நிமிடம். எல்பியாக வாங்கினால் இரண்டு தட்டு. வேகமான மெட்டல் வகையான த்ராஷ் மெட்டலில் இதைவிடச் சிக்கலான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) கோர்ப்பு அந்தக் காலத்தில் அபூர்வம். இவ்வளவு வறண்ட ஒலியும் அபூர்வம்தான்.

பதிவு நடந்தது லாஸ் ஏஞ்சலஸின் ஒன் ஆன் ஒன் ஸ்டூடியோவில், 1988 ஜனவரி முதல் மே வரை. முதலில் தயாரிப்பாளர் மைக் கிளிங்க்கை வைத்துத் தொடங்கினார்கள். சரிப்படவில்லை. முந்தைய இரண்டு ஆல்பங்களைச் செய்த ஃப்ளெமிங் ராஸ்முசனையே மறுபடி வரவழைத்தார்கள். லார்ஸ் உல்ரிக்கின் டிரம்ஸைப் பல டேக்குகளாக எடுத்து, டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். டிரம்ஸில் தெரியும் அந்த இயந்திரத்தனமான துல்லியத்தில் ஒட்டுவேலைக்கும் பங்குண்டு. பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன் 1986-இல் ஸ்வீடனில் பஸ் விபத்தில் இறந்த பிறகு வந்த ஜேசன் நியூஸ்டெட், தன் பகுதியை மற்றவர்கள் யாரும் கூட இல்லாமல், உதவிப் பொறியாளர் ஒருவரோடு உட்கார்ந்து முடித்தார்.

கோளாறு ஆரம்பிப்பது இங்கேதான். கிட்டாரின் அடித் தந்தி ஈ சுமார் 82 ஹெர்ட்ஸ். பேஸின் அடித் தந்தி அதில் பாதி, 41. நியூஸ்டெட் பெரும்பாலும் பாடகரும் கிட்டாரிஸ்டுமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் ரிஃப்பையே ஒரு ஆக்டேவ் கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணில், வாசிக்கிறார். சின்ன ஸ்பீக்கரில் 41 வெளியே வராது. 82, 123 என்று மடங்குகளாக மேலே எழும் ஹார்மானிக்ஸை வைத்துத்தான் காது பேஸை அடையாளம் காணும். அந்த இடத்தில் கிட்டார் ஏற்கெனவே சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. ஹெட்ஃபீல்டின் டோன் வேறு நடு அலைவரிசையைக் குடைந்தெடுத்து, அடியையும் உச்சியையும் தூக்கிய டோன். பாம் மியூட் (உள்ளங்கையால் தந்தியை அடக்கி அடிப்பது) ஒவ்வொன்றும் பேஸின் இடத்தில்தான் விழுகிறது.

அதற்கு மேல் மிக்ஸிங், அதாவது தனித்தனியாகப் பதிந்ததை அளவு பார்த்துச் சேர்ப்பது. ஸ்டீவ் தாம்சனும் மைக்கேல் பார்பியரோவும் நியூயார்க் மாநிலத்து பியர்ஸ்வில்லில் மிக்ஸ் செய்தார்கள். பேஸைக் கேட்டும் கேட்காத அளவுக்கு இறக்கச் சொல்லி, அதற்குப் பிறகும் சில டெசிபல் இறக்கச் சொன்னது உல்ரிக்தான் என்று தாம்சன் பின்னாளில் சொன்னார். அப்போது இசைக்குழு மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் சுற்றுப்பயணத்தில் இருந்தது. மேடைச் சத்தத்தில் அடி வாங்கிய காதோடு வந்து மிக்ஸைக் கேட்டால் என்ன ஆகும்? உச்சி போதவில்லை என்று தோன்றும், ஏற்றச் சொல்வார்கள்.

ஆனால் அந்த வறட்சியால் ஒரு லாபமும் உண்டு. 'ஒன்' பாட்டில் நாலரை நிமிடத்தை ஒட்டி டபுள் பேஸ் டிரம் (இரு காலாலும் அடிக்கும் கிக் டிரம்) துப்பாக்கிச் சூடு மாதிரி ஆறாறாக வெடிக்கும். கிட்டாரும் அதே தாளத்தில் கூடவே வெட்டும். கிக் டிரம் டக் டக்கென்று கிளிக் ஒலியோடு இருப்பதால்தான் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. கனமான கிக் வைத்திருந்தால் அந்த இடம் கூழாகியிருக்கும்.

வரவேற்புக்குக் குறைவில்லை. பில்போர்ட் பட்டியலில் 6-ஆம் இடம். அமெரிக்காவில் மட்டும் 80 லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றிதழ். 'ஒன்'தான் அவர்களின் முதல் மியூசிக் வீடியோ. 1989 கிராமியில் ஹார்ட் ராக்/மெட்டல் விருது இவர்களுக்குக் கிடைக்காமல் ஜெத்ரோ டல் இசைக்குழுவுக்குப் போனது இன்னமும் வசைக்குரிய கதை. அடுத்த வருடம் 'ஒன்' விருது வாங்கியது. தலைப்புப் பாட்டு கிட்டத்தட்ட பத்து நிமிடம், மேடையில் ரசிகர்களைச் சோர வைத்தது. 1991 ஆல்பத்தில் பாட்டுகள் சுருங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். கடைசிப் பாட்டான 'டையர்ஸ் ஈவ்' முழுசாக மேடையேறியது 2004-இல்தான். அந்த வேகத்தைக் கேட்டால் ஏன் என்று புரியும்.

வாங்குகிறவர்களுக்கு: 2018 மறுபதிப்பு ரீமாஸ்டர்தான், ரீமிக்ஸ் இல்லை. முடிந்த ஸ்டீரியோ மிக்ஸைத்தான் மெருகேற்றியிருக்கிறார்கள். தனி டிராக்கைத் தொடாமல் பேஸை மட்டும் தூக்க வழியில்லை. ஈக்வலைசரில் 60–100 ஹெர்ட்ஸை ஏற்றினால் கிக்கும் பாம் மியூட்டும்தான் வீங்கும். அதைவிட 3–5 கிலோஹெர்ட்ஸை இரண்டு, மூன்று டெசிபல் இறக்கிப் பாருங்கள். கிளிக் அடங்கும், நீண்ட நேரம் கேட்டாலும் தலை வலிக்காது. பெரிய பாக்ஸ் செட்டில் டெமோக்களும் ரஃப் மிக்ஸ்களும் உண்டு. பாட்டு உருவான விதத்தில் ஆர்வம் இருப்பவர்களுக்கு மட்டும் அது. மற்றவர்களுக்குப் பழைய சிடியே போதும்.