கீமோ அசதிக்கு மினி பெடல் சைக்கிள்: வாங்கலாமா?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ போய்க்கொண்டிருக்கிறது. அவருக்காக வாங்கியதுதான் இந்த மினி பெடல் சைக்கிள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மிதிக்கலாம், விலையும் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. தாராளமாக வாங்கலாம் என்பேன்.

வேலை செய்து களைத்தால் தூங்கி எழுந்ததும் சரியாகிவிடும். கீமோ அசதி அப்படியில்லை, ராத்திரி முழுக்கத் தூங்கியிருந்தாலும் காலையில் பல் தேய்த்த கையோடு மறுபடி படுக்கத் தோன்றும். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் "நல்லா ரெஸ்ட் எடுங்க, அசையாதீங்க" என்கிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய வருத்தம், ஏனென்றால் படுத்தே இருந்தால் தசை தளர்ந்து அசதி கூடத்தான் செய்யும். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் என்ற விளையாட்டு மருத்துவ அமைப்பு 2019இல் வெளியிட்ட பரிந்துரையில் இந்த அசதிக்கு வாரம் 3 நாள், 30 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்று இருக்கிறது. அம்மாவால் அது ஒரே மூச்சில் முடியாது. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகத்தில். கீமோ ஏறிய அடுத்த சில நாட்கள் இன்னும் குறைத்துக்கொள்வார்.

பாதத்தைப் பிடித்துக்கொள்ளும் பெடல் பட்டை நல்ல கெட்டி. பேக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தில் பாதம் மரத்துப்போனவர்களுக்குக் கால் நழுவுவதே தெரியாது, அதனால் பட்டையைப் பார்த்து வாங்குங்கள். இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க நடுவில் ஒரு திருகு இருக்கிறது, தளர்வாக வைத்தாலே போதும், இறுக்கி மிதித்தால் அந்த இடம் சூடாகிறது.

குறை என்றால், டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு முன்னால் ஓடுகிறது. அடியில் ரப்பர் மேட் போட்டு, கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்ட பிறகுதான் அடங்கியது. நேரம் காட்டும் திரையில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, அம்மா சுவர்க்கடிகாரத்தைத்தான் பார்க்கிறார்.

டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். ஹீமோகுளோபின் குறைவு, தைராய்டு, வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு எது இருந்தாலும் அசதி கூடும், அதற்குத்தான் முதல் வைத்தியம். காய்ச்சல் அடித்தால், பிளேட்லெட் இறங்கியிருந்தால், நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் டாக்டர் சரி என்று சொன்ன பிறகே மிதிக்க வேண்டும். அப்புறம், "டயர்டா இருக்கு" என்று பொதுவாகச் சொல்லாமல் அசதி எவ்வளவு என்று 0 முதல் 10 வரை ஒரு எண்ணாக டாக்டரிடம் சொல்லுங்கள், 0 என்றால் அசதியே இல்லை. 4 அல்லது அதற்கு மேல் என்றால் காரணம் என்னவென்று தேட வேண்டிய அளவு.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், ஒன்றைக் குறைத்தது அந்த வழுக்கலுக்காக.