சிறு அலுவலகக் கணினிக்கு எந்த யுபிஎஸ்? பேட்டரியைப் பார்த்து முடிவெடுங்கள்

மின்சாரம் போனதும் பேட்டரியிலிருந்து கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டிதான் யுபிஎஸ். அதை வாங்கலாம் என்று தமிழில் தேடினால் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் தமிழ்நாட்டு நிலவரம். இன்வெர்ட்டர், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி, அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவது என்று போகும். மணிக்கணக்கில் மின்சாரம் போன ஊர்களுக்காக வந்த ஏற்பாடு அது. கோலாலம்பூரில் நம் தொல்லை வேறு. மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் வெளியிடும் கணக்கைப் பார்த்தால், தீபகற்ப மலேசியாவில் ஒரு வாடிக்கையாளர் ஓராண்டில் மின்சாரம் இல்லாமல் இருக்கும் நேரம் சராசரியாக ஒரு மணியைக்கூடத் தொடுவதில்லை. 1996 ஆகஸ்ட் 3ஆம் தேதி தீபகற்பம் முழுக்க இருண்டதே, அப்படிப்பட்ட நாள் அபூர்வம்.

நம்மைப் படுத்துவது சாயங்கால இடி. ஏப்ரல், மே மாதங்களில் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால் விளக்கு ஒருமுறை மங்கி மீளும். அரை நொடிகூட இருக்காது. அதற்குள் கணினி அணைந்து மறுபடி ஓட ஆரம்பித்திருக்கும். திறந்திருந்த கணக்குக் கோப்பு கெட்டுப்போயிருக்கலாம். இல்லாவிட்டால், தெருவெல்லாம் மின்சாரம் இருக்கும், நம் மின்பலகையில் மட்டும் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) ‘ட்ரிப்’ ஆகிவிடும். பழைய கடைவரிசைக் கட்டடங்களில் இது சர்வசாதாரணம். யாராவது நாற்காலி போட்டு ஏறி அந்தச் சுவிட்சைத் தூக்கிவிட வேண்டும்.

எங்களுடையது செந்தூலில் மாடியில் இருக்கும் கணக்கு எழுதும் அலுவலகம். வியாபார வருமானம் இல்லாத தனிநபர்கள் தரும் வருமான வரிப் பாரமான பிஇ பாரத்துக்குக் கெடு ஏப்ரல் 30. இ-ஃபைலிங் சலுகை நாட்களைச் சேர்த்தால் மே 15. வேலை குவிகிற வாரங்களும் இடி குவிகிற வாரங்களும் ஒன்றாகவே வருகின்றன. அதனால் எங்களுக்குத் தேவைப்பட்டது மணிக்கணக்கான மின்சாரம் இல்லை. மின்னழுத்தம் ஒரு நொடி சரிவதைத் தாண்டிவிட வேண்டும். மின்சாரம் நிஜமாகவே போனால் எழுதியதைச் சேமித்து ஒழுங்காக மூடப் பதினைந்து நிமிடம் வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் சுமையை அளந்துகொள்ளுங்கள். ப்ளக்கில் செருகும் வாட் மீட்டர் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். இரண்டு மேசைக் கணினி, அவற்றின் திரைகள், கோப்புகள் இருக்கும் சேமிப்புப் பெட்டி, ஃபைபர் மோடம், ரவுட்டர் எல்லாம் சேர்ந்து எங்களிடம் 220 வாட் பக்கம் வருகிறது. யுபிஎஸ் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது விஏ (வோல்ட்-ஆம்பியர்), வாட் இல்லை. 1000 விஏ என்று எழுதியிருக்கும் பெட்டி பல நேரம் 600 வாட்தான் தரும், சில அதைவிடக் குறைவு. வாட் எண் சின்ன எழுத்தில் பின்பக்கம் இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் செருகவே கூடாது. மையைச் சூடாக்கும் நேரத்தில் அது ஒன்றே ஆயிரம் வாட் வரை இழுத்துவிடும்.

இனி போட்டியாளர்கள். மிக மலிவானது ‘ஆஃப்லைன்’ வகை, 600, 650 விஏ அளவில், சுமார் 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) எங்கும் கிடைக்கும். மின்சாரம் போனதும் பத்து மில்லிநொடிக்குள் பேட்டரிக்கு மாறும். கணினியின் மின்வழங்கி பதினைந்து மில்லிநொடிக்கு மேல் தாக்குப்பிடிக்கும்படிதான் செய்யப்படுகிறது என்பதால் அந்த இடைவெளி பிரச்சினை இல்லை. ஆளுக்கொரு கணினி, ஆளுக்கொரு சின்ன யுபிஎஸ் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மின்னழுத்தம் தாழும் ஒவ்வொரு முறையும் இது பேட்டரியைத்தான் தொடும். பல மாடல்களில் கணினியோடு பேசும் யுஎஸ்பி வாயும் கிடையாது. ஆள் இல்லாத நேரத்தில் மின்சாரம் போனால் கணினியைத் தானாக மூடச்சொல்ல வழியில்லை.

மறுமுனையில் ‘ஆன்லைன்’ யுபிஎஸ். வரும் மின்சாரத்தை நேர்மின்னாக்கி, மறுபடி மாறுமின்னாக்கி, எப்போதும் தன் வழியாகவே தரும். மாறும் நேரம் என்று ஒன்றே கிடையாது. மருத்துவக் கருவிக்கும் சர்வர் அறைக்கும் இதுதான் சரி. நம் அலுவலகத்தில் இது இரவு பகலாக விசிறியோடு இரைந்துகொண்டிருக்கும், உள்ளே வரும் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைச் சூடாகக் கொட்டும், விலையும் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். மேசைக்குப் பக்கத்தில் வைத்து வேலை செய்ய முடியாது. சர்வருக்கென்று தனி அறை இல்லாதவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம்.

இப்போது பலரும் கேட்பது லித்தியம் ‘பவர் ஸ்டேஷன்’. முகாமுக்கும் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) கடைகளுக்கும் தூக்கிப்போகிறார்களே, அது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இரண்டாயிரம், மூவாயிரம் சார்ஜ் சுற்றுத் தாங்கும். 500 வாட்-மணிப் பெட்டி எங்கள் சுமையைச் சுலபமாக ஒன்றரை மணிக்கு மேல் ஓட்டும். மின்சாரம் நீண்ட நேரம் போகிற இடம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் எல்லாப் பெட்டியும் யுபிஎஸ் ஆகாது. சிலவற்றில் மாறும் நேரம் 20, 30 மில்லிநொடி. கணினி அதற்குள் அணைந்துவிடலாம். விவரத்தாளில் மாறும் நேரம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். நண்பர் ஒருவருடையதை இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்ததோடு என் அனுபவம் நின்றுவிட்டது. இந்த ஊர்ச் சூட்டில் நான்கைந்து ஆண்டு சார்ஜிலேயே கிடந்த பிறகு அது எப்படி இருக்கும் என்று என் கையால் பார்த்ததில்லை.

மடிக்கணினிக்கு மாறிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்பதும் உண்மை. மோடத்துக்கும் ரவுட்டருக்கும் மட்டும் 12 வோல்ட் தரும் சின்ன டிசி யுபிஎஸ் போதும். புதிதாக அலுவலகம் திறப்பவர்கள் இதை யோசியுங்கள். எங்களிடம் நல்ல மேசைக் கணினிகள் இருந்தன, தூக்கிப்போட மனமில்லை.

நாங்கள் எடுத்தது ‘லைன் இன்டராக்டிவ்’ வகை: 1500 விஏ, 900 வாட், உள்ளே இரண்டு 12 வோல்ட் பேட்டரி. மின்னழுத்தம் தாழ்ந்தால் பேட்டரியைத் தொடாமலே உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மர் தூக்கிக்கொடுக்கும், ஏறினால் இறக்கும். நம் நாட்டில் 230 வோல்ட், மேலே 10 சதவீதம், கீழே 6 சதவீதம் வரை இயல்பு. இடி நேரத்தில் அந்த எல்லைக்குச் சற்று வெளியே போய் வரும் அசைவுகளை இது சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். உள்ளே ‘டிக்’ என்று ரிலே சத்தம் மட்டும் கேட்கும். யுஎஸ்பி கம்பியைச் செருகியதும் விண்டோஸ் இதை மடிக்கணினி பேட்டரி போலவே காட்டுகிறது. இத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மூடிவிடு என்று சொல்லிவைக்கலாம். சேமிப்புப் பெட்டிக்கும் அப்படியே. பேட்டரியில் ஓடும்போது மலிவான மாடல்கள் சீராக வளையும் அலைக்குப் பதில் படிப்படியான அலையைத் தரும். சில மின்வழங்கிகள் அதை ஏற்காமல் முனகும். வாங்கிய வாரமே உங்கள் கணினியோடு சோதித்துவிடுங்கள், ஒத்துவராவிட்டால் மாற்றக் கேளுங்கள்.

இதெல்லாம் சேர்ந்தும் என்னை முடிவெடுக்க வைக்கவில்லை. முடிவெடுக்க வைத்தது உள்ளே இருக்கும் பேட்டரியின் அளவு.

யுபிஎஸ்ஸில் மின்சுற்று பல ஆண்டு நிற்கும். சாவது பேட்டரி. அடைத்த ஈய அமில பேட்டரிக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு என்று எழுதியிருப்பது 20, 25 டிகிரி சூட்டில். அதற்கு மேல் எட்டுப் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. வெள்ளி மாலை ஏர்கோன் அடைத்துவிட்டுப் போனால் திங்கள் காலை வரை நம் அலுவலகங்கள் முப்பது டிகிரிக்கு மேல் வெந்துகொண்டிருக்கின்றன; யுபிஎஸ் அப்போதும் சார்ஜில்தான் இருக்கிறது. ஆக இரண்டு, இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றம் நிச்சயம் என்று எடுத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும். மாற்ற முடியாத, அல்லது மாற்றக் கிடைக்காத யுபிஎஸ் எவ்வளவு நல்லதானாலும் இரண்டரை ஆண்டுச் சரக்கு.

இங்கேதான் நம் ஊருக்கு ஒரு வசதி. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, 151 மில்லிமீட்டர் நீளம், 65 அகலம், 94 உயரம். வீட்டு ஆட்டோகேட்டிலும் (மோட்டாரில் திறக்கும் வாசல் கேட்) அலாரப் பெட்டியிலும் இருப்பது இதே பேட்டரிதான். கணினிக் கடைகள் நிறைந்த புளாசா லோ யாட் வரை போகவேண்டியதில்லை. ஆட்டோகேட் பழுது பார்ப்பவரிடமும் அலாரக் கடையிலும் பக்கத்து ஹார்டுவேரிலும் கிடைக்கும், ஒன்று 50, 60 வெள்ளி. இதே உடலளவில் 9 ஆம்பியர்-மணியும் வருகிறது, இடம் மாறாமல் உட்காரும். அதனால் கடையில் நான் கேட்ட முதல் கேள்வி, “இதுக்குள்ள என்ன பேட்டரி?” என்பதுதான். 4.5 ஆம்பியர்-மணி போன்ற அளவுகள், தயாரிப்பாளரிடம் மட்டுமே கிடைக்கும் கட்டுகள், திருகு எல்லாம் கழற்றி உள்ளே போய்ச் சாலிடர் செய்ய வேண்டியவை, இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டேன். முன்பக்க மூடியைத் தள்ளினால் பேட்டரி வெளியே வர வேண்டும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. கடைக்காரர் எனக்குச் சொன்னதையே சொல்கிறேன்: “அண்ணே, பிராண்டு அப்புறம், மொதல்ல தேதியப் பாருங்க.” ஈய பேட்டரி அலமாரியில் சும்மா இருந்தாலும் மாதாமாதம் சார்ஜ் இறங்கும், இறங்கியபடியே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து கொள்ளளவு போய்விடும். ஆறு மாதத்துக்கு மேல் பழையது வேண்டாம். இரண்டு பேட்டரியும் ஒரே பிராண்டு, ஒரே தேதி. ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். தொடராக இணைந்தவை என்பதால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்தது பேட்டரியில் கம்பியை மாட்டும் முனை, அந்தத் தகர நாக்கு. ஆட்டோகேட் பேட்டரிகளில் பல 4.8 மில்லிமீட்டர் அகல முனையோடு வரும். யுபிஎஸ் கம்பியில் இருப்பது பெரும்பாலும் 6.3. மாட்டினால் மாட்டும், ஆனால் லொடலொடக்கும். ஆட்டோகேட் மோட்டார் சில நொடிதான் இழுக்கிறது. நம் யுபிஎஸ் 220 வாட்டுக்கு 24 வோல்ட்டில் பத்து ஆம்பியர் தொடர்ந்து இழுக்கும். தளர்ந்த முனை சூடாகி பிளாஸ்டிக் உருகும். அகல முனை என்று கேட்டு வாங்குங்கள். இப்படிப் பத்து ஆம்பியர் இழுப்பதால்தான் ஓடும் நேரமும் கணக்குப் போடுவதைவிடக் குறைவாக வரும். 7 ஆம்பியர்-மணி என்பது இருபது மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. பத்து ஆம்பியரில் உறிஞ்சினால் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. எங்களுக்குப் புது பேட்டரியில் பதினைந்து முதல் இருபது நிமிடம் நிற்கிறது, அது போதுகிறது.

அதே அளவில் லித்தியம் பேட்டரி வந்திருக்கிறது, போடலாமா என்று கேட்கிறார்கள். யுபிஎஸ்ஸில் இருப்பது ஈயத்துக்கென்று அமைத்த சார்ஜர், மிச்ச சார்ஜைக் காட்டுவதும் ஈயத்துக்கென்று எழுதிய கணக்கு. லித்தியத்தின் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று திடீர் இழுப்பில் துண்டித்துவிடவும் கூடும். தயாரிப்பாளர் சரி என்று எழுதியிராவிட்டால் வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ப்ளக்கைப் பிடுங்காதீர்கள், எர்த் போய்விடும். சுவரில் இருக்கும் சுவிட்சை மட்டும் அணையுங்கள். ஐந்து நிமிடம் ஓடவில்லை என்றால் பேட்டரிக்கு நாள் வந்துவிட்டது. காலம் கடத்தினால் பேட்டரி உப்பி, கூட்டுக்குள் இறுகிக்கொண்டு, இழுத்தாலும் வராது. யுபிஎஸ்ஸைக் கணினியின் சூட்டுக்காற்று படாத இடத்தில், நாலு பக்கமும் காற்றோட்டமாக வையுங்கள். இந்த ஒன்றுக்கே சில மாதம் கூடுதல் ஆயுள் கிடைக்கும்.

கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிகளின்படி ஈய அமில பேட்டரி அட்டவணைக் கழிவு, அதாவது தனியாகக் கையாள வேண்டிய அபாயக் கழிவு; குறியீடு எஸ்டபிள்யூ 102. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள், சில வெள்ளி கழித்தும் தருவார்கள். கொண்டுபோகும் முன் இரண்டு முனையிலும் டேப் ஒட்டிவிடுங்கள்; செத்த பேட்டரியிலும் சாவிக்கொத்து பட்டால் பொறி பறக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும்.