ஓவர்கிளாக் கூலி 450 வெள்ளி: என் கணினி சூடான கதை

கோலாலம்பூரில் புதுக் கணினி அசெம்பிள் செய்யப்போகிறவர்கள், அதிலும் "ஓவர்கிளாக் செய்தே தருகிறோம்" (ப்ராசஸரை ஆலை வைத்த வேகத்துக்கு மேல் ஓட வைப்பது) என்று சொல்லும் கடையில் செய்யப்போகிறவர்கள், முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. அந்த வம்பு எனக்கு வேண்டாம்.

2023 டிசம்பர். தைப்பூசத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. ஒவ்வொரு வருடமும் பத்துமலையில் அண்ணன் மகன் காவடி எடுப்பதைப் படம்பிடித்து, எடிட் செய்து, சொந்தபந்தங்களுக்கெல்லாம் அனுப்புவது என் பொறுப்பு. என் பழைய கணினிக்கு 4கே வீடியோவைக் காட்டினாலே மூச்சு வாங்கும். லோயாட் கணினிக் கடைத் தொகுதி வரை போய் நாலு கடையில் விலை கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கம், பேசுவது தமிழ், உட்கார்ந்ததும் தே தாரிக் வந்தது என்று ஒரே கடையில் முடித்துவிட்டேன்.

"அண்ணே, இன்டெல் ஐ5 13600கே ப்ராசஸர் போடுறேன். 5.5 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஏத்தித் தர்றேன். வாட்டர் கூலர் இருக்கு, சூடும் ஏறாது, சத்தமும் வராது" என்றார் கடைக்காரர். மொத்தம் 6,300 வெள்ளி (ரிங்கிட்). அதில் ஓவர்கிளாக் கூலி 450. பில்லில் அதைத் தனி வரியாகவே எழுதிக் கொடுத்தார். பிறகு என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

கணினியை எடுக்கப் போன அன்று சோதனை ஓட்டிக் காட்டினார். பற்கள் கிட்டும் அளவுக்குக் கடையில் ஏர்கான். கேஸின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். அரை நிமிடம் ஓடியது. திரையில் ப்ராசஸர் வெப்பம் 62 டிகிரி. "பாத்தீங்களா அண்ணே?" பார்த்தேன். அவர் காட்டிய எண்ணை மட்டும் பார்த்தேன்.

வீட்டில் ஏர்கான் இல்லாத அறை. மத்தியானத்தில் 32 டிகிரி இருக்கும். முதல் வீடியோவை ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றுவது) போட்டுப் பத்து நிமிடம் ஆகவில்லை, ஃபேன்களெல்லாம் சேர்ந்து ஊளையிட ஆரம்பித்தன. அடுப்படியிலிருந்து அம்மா, "என்னடா, உள்ள மாவு அரைக்கிறியா?" என்று கேட்டார். சத்தத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். வேகமும் விழுந்தது. முதல் சில நிமிடம் பறக்கும், அப்புறம் நொண்டும், கொஞ்சம் தேறும், மறுபடி நொண்டும். அரை மணி நேர வீடியோவுக்கு 58 நிமிடம் ஆனது.

கடைக்கு போன் போட்டேன். "புது மெஷின் அண்ணே, ரெண்டு வாரம் ஓடினா செட்டாயிடும்." மோட்டார் சைக்கிளுக்குச் சொல்ல வேண்டியதை ப்ராசஸருக்குச் சொல்கிறார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தைப்பூசத்துக்கு மைத்துனன் பினாங்கிலிருந்து வந்திருந்தான். பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. (1972 முதல் இன்டெல் ஆலை இருக்கிற தீவு. அங்கே டீக்கடையிலும் சிப் பேச்சுதான்.) பாகங்களின் வெப்பத்தைக் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டான். ப்ராசஸர் 84 டிகிரி. பரவாயில்லை, அதன் எல்லை 100. கீழே இன்னொரு வரிசையைக் காட்டினான். மதர்போர்டின் வி.ஆர்.எம். 113 டிகிரி.

ப்ராசஸருக்கு வேண்டிய மின்சாரத்தை ஒரு வோல்ட் சொச்சத்துக்கு இறக்கிக் கொடுக்கிற பகுதிதான் வி.ஆர்.எம். அது அளவு மீறிச் சூடானால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ப்ராசஸரின் வேகத்தைப் பிடித்து இறக்கிவிடும். என் போர்டில் அதன் மேல் சூட்டை இழுக்கும் அலுமினிய ஹீட்சிங்க்கூட இல்லை, மொட்டையாக இருந்தது. சாதாரண டவர் கூலராக இருந்திருந்தால் அதன் ஃபேன் காற்று கொஞ்சமாவது சுற்றிலும் பட்டிருக்கும். வாட்டர் கூலரில் ரேடியேட்டரும் ஃபேனும் கேஸின் முன்பக்கம் போய்விட்டன. ப்ராசஸர் குளிர்ந்தது, பக்கத்திலிருந்த வி.ஆர்.எம். வெந்தது. கடைக்காரர் காட்டியது ப்ராசஸரின் எண் மட்டும். வி.ஆர்.எம். சூடேறச் சில நிமிடம் பிடிக்கும் என்பதால் அரை நிமிடச் சோதனையில் அதன் குட்டு வெளிப்படவும் வழியில்லை.

"மச்சான், இதுல ஓவர்கிளாக்கே பண்ணல" என்றான் மைத்துனன்.

மதர்போர்டு பி760 வகை. இந்தத் தலைமுறையில் ப்ராசஸரின் பெருக்கியை (வேகத்தை நிர்ணயிக்கும் எண்) உயர்த்த இசட்690, இசட்790 மாதிரி 'இசட்' சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) வேண்டும். பெயரில் 'கே' உள்ள ப்ராசஸரை பி760-இல் மாட்டினாலும் அந்தப் பூட்டு திறக்காது. வேகம் 5.1-ஐத் தாண்டவே இல்லை. அது இன்டெல் ஆலையிலிருந்து வந்தபோதே இருந்த வேகம். அப்படியானால் 450 வெள்ளிக்கு என்னதான் செய்தார்கள்? பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) மின்சார வரம்பை 4095 வாட் என்று வைத்திருந்தார்கள், அதாவது வரம்பே இல்லை. இந்த ப்ராசஸருக்கு இன்டெல் சொல்லும் அளவு அடிப்படையில் 125 வாட், உச்சத்தில் 181.

கடைக்கு நேரில் போனேன். அவர் சொன்ன பதிலுக்காகத்தான் இந்தப் பதிவே எழுதுகிறேன். "ஓவர்கிளாக் பண்ணின மெஷினுக்கு வாரண்டி கிடையாது அண்ணே." சரி, ஓவர்கிளாக்கே செய்யவில்லையே, அந்தக் கூலியையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். "பண்ணியாச்சே, பில்லுல இருக்கே." வாரண்டி கேட்டால் செய்திருக்கிறது, செய்ததைக் காட்டச் சொன்னால் பில்லைப் பார். தே தாரிக் அன்றைக்கு வரவில்லை.

மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டேன். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். பில், ஹெச்டபிள்யூ இன்ஃபோ ஸ்க்ரீன்ஷாட்டுகள், பயாஸை போனில் எடுத்த படம் எல்லாவற்றையும் இணைத்தேன். விசாரணைக்கு முதல் நாள் இரவு அவரே கூப்பிட்டார். 450-ஐயும் போர்டின் விலையையும் திருப்பிக் கொடுத்தார். மனுவை மீட்டுக்கொண்டேன்.

ப்ராசஸர் விஷயம் தனி. பெட்டி இல்லாத ட்ரே சரக்கைப் போட்டிருக்கிறார். 2024 ஆகஸ்டில் 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்களின் மின்னழுத்தக் கோளாறுக்கு இன்டெல் மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள்மென்பொருள்) திருத்தம் வெளியிட்டது. பெட்டியோடு வாங்கியவர்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. என்னைப் போன்றவர்கள் விற்ற கடையைத்தான் கேட்க வேண்டும். அந்தத் திருத்தத்துக்காக பயாஸை மட்டும் புதுப்பித்துக்கொண்டேன். நீங்கள் வாங்கும்போது பெட்டியைக் கையில் கேளுங்கள். சோதனையை மூடிய கேஸில் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லி வி.ஆர்.எம். வரிசையைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது ஹீட்சிங்க் உள்ள வேறு போர்டு. மேல்பக்கம் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் போட்டு, மின்சார வரம்பை 125 வாட்டில் நிறுத்தியிருக்கிறேன். அதே வீடியோ 41 நிமிடத்தில் முடிகிறது. வி.ஆர்.எம். 70-ஐச் சுற்றி நிற்கிறது. அம்மா அடுப்படியிலிருந்து கேட்பதில்லை.

போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். 'ஓவர்கிளாக் செய்து தரப்படும்' அட்டை இன்னும் வாசலில் தொங்குகிறது. கூலி 500 ஆகியிருக்கிறது.