மின்சாரப் பிக்கப்பில் சாமான் வைக்க எது காசுக்குத் தகும், எது தலைவலி?

மின்சாரப் பிக்கப் வாங்கியவர்களில் பலர் முதல் மாதத்திலேயே ஒரே தப்பைச் செய்கிறார்கள். பெட்ரோல் பிக்கப்புக்கு என்னென்ன மாட்டுவார்களோ அத்தனையையும் இதற்கும் மாட்டிவிடுகிறார்கள். கேபினுக்குப் பின்னால் குறுக்கே ஒரு அலுமினியக் கருவிப்பெட்டி, பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த பெட்டுக்கு மேல் கவர், கவருக்கு மேல் ரேக். இன்ஜின் இருந்த இடம் காலியாகி, அங்கே பூட்டோடு ஒரு டிக்கி வந்து உட்கார்ந்திருப்பது நினைவுக்கே வருவதில்லை. ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், ரிவியன் ஆர்1டி, டெஸ்லா சைபர்டிரக் ஆகிய மூன்றையும் மனதில் வைத்துத்தான் இந்த மதிப்பீடு.

முதலில் அந்த முன்டிக்கி. லைட்னிங்கில் அதன் கொள்ளளவு 400 லிட்டர், 181 கிலோ வரை தாங்கும். ரிவியனில் அடித்தட்டுக்குக் கீழே உள்ள குழியையும் சேர்த்து 314 லிட்டர். சைபர்டிரக்கில் 200 லிட்டர்தான், இரண்டு கைப்பெட்டிகளோடு நிறைந்துவிடும். லைட்னிங்கில் பானட்டோடு முன் கிரில்லும் சேர்ந்து மேலே எழும்புவதால் வாய் தாழ்வாக இருக்கிறது. கனமான கருவிப்பையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்க வேண்டியதில்லை. உள்ளேயே நான்கு 120 வோல்ட் பிளக்குகள் உண்டு. டிரில் பேட்டரிகளைப் பூட்டி வைத்தபடியே சார்ஜ் போடலாம். இதெல்லாம் இருக்கும்போது குறுக்குக் கருவிப்பெட்டி எதற்கு? ஐந்தரை அடி பெட்டில் அது முன்பக்கம் ஒன்றரை அடியைத் தின்றுவிடும். பெரும்பாலான கவர்களும் அதோடு ஒத்துவராது. லைட்னிங்குக்கு அதைப் பரிந்துரைக்க ஒரு காரணமும் தோன்றவில்லை.

முன்டிக்கிக்கு வாங்கத் தகுந்தவை மலிவானவைதான். விளிம்பு உயர்ந்த ரப்பர் விரிப்பு ஒன்று, மடக்கும் தடுப்புப் பலகைகள் இரண்டு போதும். விரிப்பை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தரையில் தண்ணீர் வெளியேறும் துளையும் அடைப்பானும் இருக்கும், விரிப்பு அந்த இடத்தை மூடிக்கொண்டால் ஐஸ் கொட்டிக் கழுவிய தண்ணீர் அடியிலேயே தேங்கி ஒரு வாரத்தில் நாறும். வெட்டித் திறக்க இடம் விட்ட விரிப்பா என்று பாருங்கள். சுவரை முழுக்க மூடும் துணி உறைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தை திறப்பதற்கென்று ஒரு விடுப்பு விசை இருக்கும். அதை எதுவும் மறைக்கக் கூடாது.

இன்னொன்று, செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் ஜம்ப் பேக்கை முன்டிக்கியில் வைக்காதீர்கள். மூடி மின்சாரத்தில் திறப்பது. பூட்டு, விளக்கு போன்றவற்றை இயக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்த அன்று அதைத் திறக்கத் தேவையான கருவி அதற்குள்ளேயே கிடக்கும். பின்சீட்டுக்கு அடியில் வையுங்கள்.

அடுத்தது இழுப்பறை. விலையும் அதிகம், அபிப்பிராய பேதமும் அதிகம் உள்ள பொருள் இதுதான். லைட்னிங்கின் பெட் சாதாரண எஃப்-150-இன் ஐந்தரை அடி பெட்டேதான், அதனால் டெக்ட் (Decked) நிறுவனத்துடையவை போன்ற ஆயத்த இழுப்பறைகள் பொருந்துகின்றன. பெட் முழுக்கப் பரந்த மேல்தளம், அடியில் நீள வாக்கில் இரண்டு இழுப்பறைகள். மேல்தளம் 2,000 பவுண்டு, ஒவ்வோர் இழுப்பறையும் 200 பவுண்டு தாங்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. விலை 1,500 டாலருக்கு மேல் போகும். மின்வேலை, குழாய்வேலை பார்ப்பவர்கள் இதை மெச்சுகிறார்கள், அது நியாயம். பெட்டின் பின்கதவான டெயில்கேட்டை இறக்கினால் எல்லாம் இடுப்பு உயரத்தில் கைக்கு வந்துவிடும், பெட்டுக்குள் தவழ வேண்டியதில்லை.

குறை சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு அளவை முன்கூட்டிப் பார்க்காதவர்கள். லைட்னிங் பெட்டின் ஆழம் சுமார் 54 சென்டிமீட்டர். இழுப்பறை அதில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும். மேலே கடினக் கவரும் போட்டால் நடுவில் மிஞ்சுவது ஒரு முழத்தில் பாதி. வீட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும் 27 காலன் கருப்பு மஞ்சள் பெட்டி கிட்டத்தட்ட 37 சென்டிமீட்டர் உயரம். அது உள்ளே போகாது. மளிகைப் பையும் நிமிர்ந்து நிற்காது. கவர், இழுப்பறை இரண்டும் வேண்டும் என்று ஒரே நாளில் வாங்கியவர்கள் பலர் ஆறு மாதத்தில் ஒன்றைக் கழற்றி விற்றுவிடுகிறார்கள். அட்டைப்பெட்டியை வெட்டி 30 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பெட்டில் ஒரு வாரம் போட்டு வைத்துப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை.

எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓட்டுநர் கதவின் நிலையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கரில், ஆட்களும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கே உரிய எண் இருக்கும். விளம்பரத்தில் வரும் எண் அல்ல, இதுதான் செல்லும். பெரிய பேட்டரியும் வசதிகள் கூடிய உயர் டிரிம்மும் உள்ள வண்டியில் இது கணிசமாகக் குறைந்திருக்கும். எடுத்துக்காட்டாக ஸ்டிக்கரில் 800 கிலோ என்று வையுங்கள். நான்கு பேருக்கு 320, இழுப்பறைக்கு 100, கடினக் கவருக்கு 35, இழுப்பறைக்குள் கருவிகள் 120. மீதி 225 கிலோ. இதற்கு மேல் டிரெய்லரும் இழுத்தால் அதன் நாக்கு எடையும், அதாவது டிரெய்லர் வண்டியின் கொக்கியில் அழுத்தும் எடையும், இதிலிருந்துதான் போகும்.

ரிவியனுக்கு இழுப்பறை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பெட்டின் நீளம் வெறும் 137 சென்டிமீட்டர், டெயில்கேட்டை இறக்கினால்தான் 213. அதற்கும் மேலாக, ஸ்பேர் டயர் பெட்டின் தரைக்கு அடியில் ஒரு மூடிக்குக் கீழே இருக்கிறது. ஸ்பேர் வாங்காதவர்களுக்கு அதே குழி அருமையான பூட்டுப்பெட்டி. மேலே நிரந்தரமாக எதைப் போல்ட் போட்டு நிறுத்தினாலும் அந்த மூடி திறக்காது. நடுரோட்டில், மழையில், பஞ்சரான டயரோடு நின்று இழுப்பறையைக் கழற்ற யாருக்கும் மனசு வராது. சைபர்டிரக்கிலும் பெட்டின் பின்கோடியில் தரைக்கு அடியில் ஒரு அறை உண்டு, அங்கும் இதே பாடு. சாமான் ஏற்றும் முன்பு எந்த மூடி எந்தப் பக்கம் திறக்கிறது என்று ஒரு தடவை எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ரிவியனின் தனிச்சிறப்பு கியர் டன்னல். பின்சீட்டுக்கும் பெட்டுக்கும் இடையில் வண்டியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஊடுருவும் 330 லிட்டர் சுரங்கம், சுமார் 165 சென்டிமீட்டர் நீளம். பனிச்சறுக்குப் பலகை, மீன்பிடித் தூண்டில், கூடாரக் கம்பி எல்லாம் நீட்டாகப் படுக்கும். பிரச்சினை என்னவென்றால், சின்னப் பொருள்கள் நடுவுக்குப் போய்விடும். இரண்டு பக்கக் கதவிலிருந்தும் கை எட்டாது. தண்டவாளத்தில் ஓடி வெளியே வரும் ஷட்டில் தட்டு இதற்காகத்தான், வேலையும் சுத்தம், ஆனால் தட்டின் தடிப்பு அளவுக்கு உயரம் குறையும். சின்னச் செலவில் முடிக்க விரும்புவோர் ஒரே அளவில் மூன்று பிளாஸ்டிக் தொட்டிகளை வரிசையாக வைத்து, நடுத்தொட்டியின் கைப்பிடியில் ஓர் அங்குல அகல நாடாவை முடிந்து, அதன் நுனியைக் கதவோரம் வரை விட்டுவிடுகிறார்கள். இழுத்தால் தொட்டி வந்துவிடும். ஷட்டில் தட்டு செய்கிற வேலையில் முக்கால்வாசியை மூன்று டாலர் நாடா செய்துவிடுகிறது.

டன்னல் கதவின் ரப்பர் விளிம்பில் பனிக்காலத்துக்கு முன் சிலிகான் கிரீஸ் மெல்லிதாகத் தடவுங்கள். நனைந்த ரப்பர் உறைந்து ஒட்டிக்கொண்டால் மின்சாரத் தாழ்ப்பாள் விட்டாலும் கதவு வராது. பெட்ரோலியம் கலந்த கிரீஸ் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், அது கூடாது.

கவர் விஷயத்துக்கு வருவோம். சைபர்டிரக்குக்குக் கூடவே வருகிறது, அதன் மேல் ஆள் நிற்கலாம், பூட்டும் உண்டு. ஆனால் நீர்புகாப் பெட்டி என்று அதை நம்பி உள்ளே துணிப்பையை வைக்கக் கூடாது. பலகைகள் சுருண்டு போகும் தடத்தில் மணலும் சேறும் சேர்ந்தால் கரகரவென்று இழுக்கும், கழுவும்போது அந்தத் தடத்தையும் சேர்த்து அலச வேண்டும். ரிவியனின் மின்கவர் தொடக்கக் கால வண்டிகளில் சிக்கிக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரிந்ததே. நிறுவனம் விற்பனையை நிறுத்திவைத்து, மறுவடிவமைத்துக் கொண்டுவந்தது. பழைய ஆர்1டி வாங்குவோர் கவரைப் பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

லைட்னிங்குக்குத்தான் தேர்வுகள் ஏராளம். மடக்கும் அலுமினியக் கவர் ஆயிரம் டாலரை ஒட்டி வரும். முழுக்க மடக்கிக் கேபினோடு நிமிர்த்தி வைத்தால் பெட் முழுதும் திறக்கும், ஆனால் பின்கண்ணாடிப் பார்வையும் மேல் பிரேக் விளக்கும் மறையும். சுருளும் கவர் இன்னும் நேர்த்தி, பூட்டும் நன்றாக இருக்கும். அதன் உருளைப்பெட்டி பெட்டின் முன்கோடியில் ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவான இடத்தைப் பிடித்துக்கொள்ளும், இழுப்பறை வைத்தவர்களுக்கு இது இன்னொரு இடி.

கவர் ஒழுகுகிறது என்ற புகார்களில் பாதி கவரின் குற்றமே இல்லை. தண்ணீர் டெயில்கேட்டின் பக்கவாட்டு இடைவெளியிலும் கீழ்க்கீல் ஓரத்திலும்தான் நுழைகிறது. ஒட்டும் ரப்பர் பட்டை ஒரு சுருள் வாங்கி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த பரப்பில் ஒட்டினால் பெருமளவு நின்றுவிடும். மீதிப் பாதி வடிகுழாய்கள். கவரின் தண்டவாளத்திலிருந்து முன்மூலைகளில் இறங்கும் சின்னக் குழாய் மடங்கி நெரிந்தால் தண்ணீர் பின்னேறிப் பெட்டுக்குள் வழியும். ஒரு குவளைத் தண்ணீரைத் தண்டவாளத்தில் ஊற்றி, அது வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். தண்டவாளத்தைப் பெட்டோடு பிடிக்கும் பற்றிகளை (கிளாம்ப்) மிகையாக முறுக்கினால் தண்டவாளம் கோணிக்கொள்ளும். கையேட்டில் சொன்ன முறுக்கோடு நிறுத்தி, சில நூறு மைல் ஓடிய பின் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

போல்ட் பற்றி ஒரு வார்த்தை. எஃப்-150-இன் உடல் 2015-லிருந்து அலுமினியம். காந்தத்தில் ஒட்டும் விளக்கோ தாங்கியோ பெட் சுவரில் நிற்காது. வாங்கி ஏமாறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரும்புத் தாங்கியை அலுமினியத்தில் நேராகப் பதித்தால், சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் இரண்டு குளிர்காலத்துக்குள் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், அது அலுமினியம் அரிபடுவதன் அடையாளம். இடையில் நைலான் வாஷர் போடுங்கள். பெட்டின் தரையில் புதிதாக ஓட்டை போடவே வேண்டாம். அடியில் உயர் மின்னழுத்தக் கம்பிகளும் பேட்டரியும் இருக்கின்றன. இருக்கிற கொக்கி இடங்களையும் பற்றிகளையும் வைத்தே எல்லாவற்றையும் கட்டிவிடலாம். சைபர்டிரக்கில் பெட் சுவரோடு எல்-டிராக் தடம், அதாவது கட்டும் வளையங்களை மாட்டும் உலோகத் தடம், வருகிறது. விமானச் சரக்கிலும் வேன்களிலும் பயன்படும் அதே தடம் என்பதால் வெளிக்கடை வளையங்களே பொருந்தும்.

ரேக்கும் கூரைப்பெட்டியும்தான் ரேஞ்சை, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை, கெடுப்பவை. பெட்டுக்குள் நூறு கிலோ கூடுவதால் நெடுஞ்சாலையில் பெரிதாக ஒன்றும் குறையாது. காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி குறைக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுவது, 55 மைலிலிருந்து 70 மைலுக்குப் போனாலே 60 விழுக்காடு கூடிவிடும். வேலை முடிந்ததும் குறுக்குக்கம்பியைக் கழற்றிவிடுங்கள், அதுவே ஒரு நல்ல பழக்கம். கழற்ற எத்தனை நிமிடம் ஆகிறது என்பதை வைத்தே ரேக்கைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பேனர் தேடச் சொல்லும் ரேக் வருடம் முழுக்கக் கூரையிலேயே கிடக்கும்.

அதற்குப் பதில் பின்னால் ஹிட்ச்சில் (டிரெய்லர் மாட்டும் இடம்) மாட்டும் சரக்குத்தட்டு காற்றுக்கு மறைவில் இருக்கும், ரேஞ்சுக்கு நல்லது. ஆனால் சார்ஜ் வாய் எங்கே என்று பாருங்கள். லைட்னிங்குக்கும் ரிவியனுக்கும் இடது முன்பக்கம், மூக்கை உள்ளே விட்டு நிறுத்தலாம், தட்டு இடைஞ்சல் செய்யாது. சைபர்டிரக்குக்கு இடது பின்பக்கம். பின்னோக்கி நிறுத்தும்போது தட்டு முதலில் போய்க் கம்பத்தை முட்டும், வண்டி முன்னால் நின்றுவிடும், டெஸ்லாவின் குட்டைக் கேபிள் எட்டாது. தட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சார்ஜ் போடுவது நள்ளிரவில் இனிமையாக இராது.

கடைசியாகக் குளிர்பெட்டி. பெட்டில் வைக்கும் கம்ப்ரெசர் வகைப் பெட்டி நாளொன்றுக்கு ஒரு யூனிட்டுக்குள்தான் இழுக்கும். லைட்னிங்கின் பெரிய பேட்டரி 131 யூனிட், இது அதற்குக் கொசுறு. ஆனால் 120 வோல்ட் பிளக்கை உயிரோடு வைக்க வண்டியே விழித்திருக்க வேண்டும், அந்த விழிப்பு குளிர்பெட்டியைவிட அதிகமாகக் குடிக்கும். இரண்டு இரவு ஓரிடத்தில் முகாம் என்றால் தனியாக ஒரு சின்ன லித்தியம் பேட்டரிப்பெட்டியில் குளிர்பெட்டியை ஓட்டி, பகலில் வண்டி ஓடும்போது அந்தப் பேட்டரியை பெட் பிளக்கில் நிரப்பிக்கொள்ளுங்கள். குளிர்பெட்டியை டெயில்கேட் பக்கம் வைத்து, அதன் காற்றுத்துளை பெட் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி இருக்கும்படி ராட்செட் பெல்ட்டால் கட்டுங்கள். மூடிய கவருக்குள் வெயிலில் அந்த இடைவெளி இல்லையென்றால் கம்ப்ரெசர் ஓய்வில்லாமல் ஓடும், ஐஸ்கிரீமும் உருகும்.