நீலப் பந்தின் நான்கு துளைகள்: பந்து-குச்சி மூலக்கூறு மாதிரித் தொகுப்பு குறித்து

மூலக்கூறு மாதிரித் தொகுப்பின் தரத்தை அறிய விரும்புவோர் அதிலுள்ள நீல நிறப் பந்தை, அதாவது நைட்ரஜனை, முதலில் கையில் எடுக்க வேண்டும். -3 முதல் +5 வரை எல்லா ஆக்சிஜனேற்ற நிலைகளையும் (பிணைப்பு எலக்ட்ரான்கள் அவற்றை அதிகம் ஈர்க்கும் அணுவுக்கே உரியவை எனக் கொண்டு கணக்கிடும் மின்சுமை) ஏற்கும் இத்தனிமம், இரண்டாம் கூட்டில் நான்கு ஆர்பிட்டால்களே (எலக்ட்ரான்கள் இருக்கும் பகுதிகள்) இருப்பதால், நான்கு சகப்பிணைப்புகளுக்கு மேல் ஏற்படுத்துவதில்லை. மாணவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் இதுதான்.

நான் பாடம் நடத்தப் பயன்படுத்தும் தொகுப்பில் நைட்ரஜனுக்கு நான்முகி வடிவில் நான்கு துளைகள் உள்ளன. மூன்று துளைகள் மட்டும் உள்ள பந்தாக இருந்தால் அமோனியாவோடு நின்றுவிட வேண்டியதுதான். இதில் நான்காவது துளையிலும் ஒரு ஹைட்ரஜனைப் பொருத்தி அமோனியம் அயனியைக் கட்டிவிடலாம்.

நைட்ரேட் அயனியைக் கட்டும்போதுதான் இதன் அருமை விளங்குகிறது. வளையும் இணைப்பான்கள் இரண்டால் ஓர் ஆக்சிஜனையும், நேரான குச்சிகளால் மற்ற இரண்டையும் பொருத்தியவுடன் நான்கு துளைகளும் நிரம்பிவிடுகின்றன. ஆக்சிஜனேற்ற நிலை +5 என்றால் ஐந்தாவது பிணைப்பு எங்கே என்ற கேள்வி தானாகவே எழும். தனித்த இரட்டை எலக்ட்ரானை ஆக்சிஜனுக்கு ஈந்ததால் நைட்ரஜன் மீது தோன்றிய +1 முறைசார் மின்சுமையை (பிணைப்பு எலக்ட்ரான்களை இரு அணுக்களுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கணக்கிடுவது), ஆக்சிஜனுடனான நான்கு பிணைப்புகளோடு கூட்டினால் +5 கிடைக்கிறது. அமோனியத்திலும் இதே கணக்குதான்: ஹைட்ரஜனுடனான நான்கு பிணைப்புகளுக்கு -4, மின்சுமைக்கு +1, ஆக மொத்தம் -3. ஆக்சிஜனேற்ற நிலையும் பிணைப்புகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல என்பதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் இவ்வளவு தெளிவாகப் பதிவதில்லை.

குறைகளும் சிறியவையல்ல. நைட்ரேட்டின் மூன்று பிணைப்புகளும் உடனிசைவால் (இரட்டைப் பிணைப்பு ஓரிடத்தில் நில்லாமல் மூன்றிலும் பரவியிருப்பதால்) சம நீளமுடையவை, அயனியும் 120 பாகைக் கோணங்களுடன் ஒரே தளத்தில் அமைவது. மாதிரியிலோ ஒன்று இரட்டைப் பிணைப்பாகத் தனித்து நிற்கிறது, கோணமும் பிசகுகிறது. இதைவிட என்னை உறுத்துவது காலித் துளைதான். அமோனியாவில் அது இரண்டு எலக்ட்ரான்களையும், நைட்ரஜன் டைஆக்சைடில் ஒற்றை எலக்ட்ரானையும் குறிக்கிறது என்றாலும், இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் துண்டு எதுவும் தரப்படவில்லை. பழுப்பு நிற டைஆக்சைடு மூலக்கூறுகள் இரண்டு இணைந்து நிறமற்ற டைநைட்ரஜன் டெட்ராக்சைடாவது அந்த ஒற்றை எலக்ட்ரானால்தான். அதிலுள்ள நைட்ரஜன்-நைட்ரஜன் பிணைப்பு சுமார் 175 பிகோமீட்டர் நீளமுடைய வலுவற்ற பிணைப்பு. இரண்டு நைட்ரஜனும் நான்கு ஹைட்ரஜனும் கொண்ட ஹைட்ரசீனிலோ அப்பிணைப்பு சுமார் 145 பிகோமீட்டர்தான். இரண்டுக்கும் ஒரே குச்சியைத்தான் செருக வேண்டியிருக்கிறது.

நைட்ரஜன் மூலக்கூறின் முப்பிணைப்புக்கு மூன்று இணைப்பான்களை வளைத்துச் செருகுவது சற்றுக் கடினம். இருப்பினும் பிளாஸ்டிக் வெளிறாமல் தாங்குகிறது.

வடிவத்தையும் இணைதிறனையும் கற்பிக்க இத்தொகுப்பைத் தயங்காமல் வாங்கலாம்; உடனிசைவைத் தாளில் வரைந்தே விளக்க வேண்டும். நீலப் பந்துகள் குறைந்தது மூன்று உள்ளனவா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டே இருந்தால், மூன்று நைட்ரஜன்கள் சேர்ந்து -1 மின்சுமை பெறுவதால் சராசரி ஆக்சிஜனேற்ற நிலை -1/3 ஆக அமையும் அசைடு அயனியைக் கட்ட முடியாது.