முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ சமூகப் பணி: சென்னையில் எந்த வழி?

எம்.எஸ்.டபிள்யூ.வில் (சமூகப் பணி முதுகலைப் படிப்பு) மருத்துவ, மனநலப் பிரிவை எடுத்தவர்கள் இந்தத் துறையைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை. 1926 முதல் அங்கே சமூகப் பணியாளர்கள் உண்டு. ஆனால் அந்நாட்டுக் குடிமக்களுக்கே முன்னுரிமை. அவர்கள் அங்கீகரித்த பட்டமும் மாநில உரிமமும் வேண்டும். சென்னைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்து பலர் நினைப்பது ஈசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம்) நடத்தும் பாலிகிளினிக். 2003இல் தொடங்கிய இத்திட்டத்தில் மருத்துவர், மருந்தாளுநர், கிளார்க் போன்ற ஒப்பந்தப் பணியிடங்கள் இருக்கின்றன. சமூகப் பணியாளருக்கென்று தனிப் பணியிடம் இல்லை. ஆக, உண்மையான போட்டி இரண்டு வழிகளுக்கு இடையேதான்.

ஒன்று, ஈசிஹெச்எஸ் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளராகச் சேர்வது. முன்னாள் படைவீரர்களைத் தினமும் பார்க்கலாம். ஆனால் வேலையில் பாதி காகிதம்தான். அவசரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்த்திருந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் செலவைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. ஹவில்தார் வரை பொது வார்டு, ஜேசிஓவுக்கு (ஹவில்தாருக்கு மேல், அதிகாரிக்குக் கீழ் உள்ள நிலை) செமி பிரைவேட், அதிகாரிக்குத் தனி அறை. தகுதிக்கு மேல் அறை எடுத்தால் வித்தியாசத்தைக் குடும்பமே கட்ட வேண்டும். இதைச் சேர்க்கையின்போதே சொல்லிவிடுங்கள், டிஸ்சார்ஜ் அன்று சொல்லிப் பயனில்லை.

நம் ஊரில் அதிகம் சிக்குவது பெயர். ஆதாரில் இனிஷியல் விரிந்திருக்கும், பணிப் பதிவேட்டில் சுருங்கியிருக்கும், பிபிஓவில் (ஓய்வூதிய ஆணை) மனைவி பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். கணவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் நின்றுபோவது இந்த இடத்தில்தான். திருத்தம் படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் நடக்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். கணவர் உயிரோடு இருக்கும்போதே இதை முடிக்கச் செய்வது பெரிய உதவி. மகனுக்கு 25 வயதானால் சார்ந்தவர் என்ற தகுதி போய்விடும், ஆனால் மாற்றுத்திறனாளி மகனுக்கு ஆயுள் முழுதும் உண்டு. சான்றிதழ் வாங்கிப் பதியாமல் விட்ட குடும்பங்களைத் தேடிக் கேளுங்கள்.

இன்னொன்று, மனநல சமூகப் பணி. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இந்தப் பெயரில் பணிபுரிய எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது, இரண்டாண்டு முழுநேர எம்.ஃபிலும் வேண்டும். இரண்டு வருடச் சம்பளம் போகும். போதை மீட்புக்கான அடையாறு இந்திரா நகரின் டிடிகே மருத்துவமனை, மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை போன்ற இடங்கள் முன்னாள் படைவீரர்களுக்கு மட்டுமானவை அல்ல. அதனால் அவர்களோடு பழகும் வாய்ப்பு குறைவு.

ஆனாலும் ஆழம் இங்கேதான். சிப்பாய் நாற்பதை ஒட்டிய வயதில் வீடு திரும்புகிறார். அத்தனை ஆண்டுகள் வீட்டை நடத்தியவர் மனைவி. இப்போது யார் முடிவெடுப்பது என்பதில் உரசல். கையில் ராணுவ கேன்டீன் மது ஒதுக்கீடு. "எனக்குப் பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு மனநல மருத்துவரிடம் வர மறுப்பார், தூக்கமின்மை, கல்லீரல், சர்க்கரை என்று பேச்சைத் தொடங்கினால் வருவார். எல்லாவற்றையும் போர் அதிர்ச்சி என்று எழுதிவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. போர்முனையையே பார்க்காதவர்களுக்கும் இதே சிக்கல்கள் உண்டு. முதல் அமர்விலேயே மனைவியிடம் தனியாகப் பேசுங்கள்.

எங்கள் முடிவு: இரண்டாண்டுச் செலவைத் தாங்க முடிந்தவர்களுக்கு மனநல வழியே மேல், ஆனால் அதற்கு முன் ஓராண்டாவது முதல் வழியில் வேலை பார்த்துவிட்டு. பிபிஓவைப் படிக்கத் தெரிந்தவரிடம்தான் இவர்கள் மனம் விட்டுப் பேசுகிறார்கள். வீட்டில் உங்கள் சம்பளம் உடனே தேவை என்றால் மருத்துவமனையே சரி, அதில் குறைவு ஒன்றுமில்லை.

எம்.ஃபிலில் சேருமுன் ஒன்றைப் பாருங்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) எம்.ஃபில் படிப்பையே நிறுத்தியபோது, மனநல சமூகப் பணிக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு நீட்டித்தது. நீங்கள் சேரும் ஆண்டில் அந்தப் படிப்புக்கு உரிய அங்கீகாரம் இருக்கிறதா, எந்தப் பெயரில் பட்டம் தருகிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டணம் செலுத்துங்கள்.