ஏற்புரையை முதலில் வைத்த கடை

புத்தக வெளியீட்டு விழா அழைப்பிதழ் வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மதுரையில் முப்பது வருஷமாகப் புத்தகங்களுக்கு டைப்செட்டிங் செய்கிறேன். தெரிந்தவர்கள் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. வரவேற்புரை, தலைமையுரை, நாலு வாழ்த்துரை, நடுவில் பொன்னாடை, நினைவுப் பரிசு. ஏற்புரைக்கு எழுத்தாளர் மைக்கைப் பிடிக்கும்போது மணி எட்டரை ஆகிவிடும், மண்டபத்துக்காரர் சாவியோடு வாசலில் நிற்பார். நாலு வருஷம் உட்கார்ந்து எழுதியவருக்குக் கிடைப்பது ஏழு நிமிஷம்.

மாசி வீதிப் பக்கம் ஒரு மாடிப் புத்தகக் கடையில் மாதம் ஒரு ஞாயிறு நடக்கும் கூட்டத்தில் இதைத் தலைகீழாக்கியிருக்கிறார்கள். கடைப் பெயரை எழுதப் போவதில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அப்புறம் எந்த முகத்தோடு அந்தப் படி ஏறுவது?

ஏற்பாடு எளிது. புதிதாக வந்த இரண்டு புத்தகங்கள், ஒன்று கதை, ஒன்று கட்டுரை. கடைக்காரர் மூன்று வாரம் முன்பே ஐந்தாறு வாசகர்களுக்குப் பிரதி கொடுத்துவிடுகிறார். எழுதியவர்தான் முதலில் பேச வேண்டும், அரை மணி நேரம். அடுத்து படித்தவர்கள் கேட்பார்கள். நுழைவு 50 ரூபாய், அதில் சுக்குக் காபி உண்டு. புத்தகம் வாங்கினால் அந்த ஐம்பதைக் கழித்துக்கொள்கிறார்கள். பொன்னாடை கிடையாது.

போன மாதம் கட்டுரைப் புத்தகம் மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களை, அதாவது பாசன ஏரிகளைப் பற்றியது. எழுதியவர் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர். பேச்சில் ஏற்ற இறக்கமே இல்லை, கோப்பு வாசிப்பது போல இருந்தது. ஆனால் ஒரு பழைய கிராம வரைபடத்தின் நகலைத் தரையில் விரித்து, இங்கே தண்ணீர் திறந்துவிடும் மடை, இங்கே உபரி நீர் வழியும் கலுங்கு, இது நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும் என்று விரலை நகர்த்த ஆரம்பித்ததும், பின்வரிசைக்காரர்கள் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். விரல் ஓரிடத்தில் நின்றது. "இது உலகனேரி. இங்கதான் இப்ப ஹைகோர்ட் கிளை இருக்கு" என்றார். 2004-இல் அது திறந்ததில் இருந்து அந்த வழியாக எத்தனை முறை போயிருப்பேன், பேரிலேயே ஏரி இருப்பது எனக்கு உறைத்ததில்லை.

செல்லூரில் இருந்து வந்திருந்த ஒருவர் புத்தகத்தை முழுதாகப் படித்திருந்தார். "ஐயா, 2024 அக்டோபர் மழையில எங்க தெருவுக்குள்ள தண்ணி வந்துச்சு. செல்லூர்க் கண்மாயோட மறுகால் பந்தல்குடி வாய்க்கால் வழியா வைகைக்குப் போகணும்னு எழுதியிருக்கீங்க. அந்த வாய்க்கால் எவ்வளவு அகலம் இருந்துச்சு, இப்ப எவ்வளவு இருக்குன்னு ஏன் எழுதல?" என்று கேட்டார். பொறியாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அளந்திருக்கணும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப் போனது.

நாவல் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் ஒரு சௌராஷ்டிரப் பெண்ணின் கதை. எழுதியவருக்கு முப்பது வயது இருக்கலாம். பேசுவதற்குப் பதில், சாயம் தோய்த்துக் காய்ந்து இன்னும் முடிச்சுப் பிரிக்காத ஒரு துணியை எடுத்தார். பார்க்கக் கொப்புளம் வந்த தோல் மாதிரி இருந்தது. முன்வரிசைப் பையனிடம் ஒரு முனையைக் கொடுத்து, "இழுங்க தம்பி" என்றார். படபடவென்று நூல் தெறித்தது, சிவப்புத் துணியில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகக் கண் விழித்தன. 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலைதான். இன்று கடைகளில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பாலும் அச்சுப் புள்ளிதான் என்பதையும் அவரே சொன்னார்.

அப்போது ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கையைத் தூக்கினார். "எழுபத்தெட்டாம் பக்கத்துல அவ விளக்கை அணைச்சிட்டு முடிச்சுப் போடுறா. எப்படிம்மா போடுவா?"

"விரல் பழக்கத்துல போடுவாங்கன்னு நெனச்சேன் பாட்டி."

"பழக்கம் கைக்கு. மடிப்புக் கோடு கண்ணுக்குத் தெரிய வேணாமா?"

நாவலாசிரியர் மறுத்துப் பேசவில்லை. பென்சிலை வாங்கித் தன் பிரதியில் அந்தப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டார். முன்பெல்லாம் ஒரு பதிப்புக்கு 1,200 பிரதி அடிப்பார்கள், திருத்தம் இரண்டாம் பதிப்புக்குக் காத்திருக்கும். அந்த இரண்டாம் பதிப்பு பல புத்தகங்களுக்கு வந்ததே இல்லை. இப்போது இருநூறு முந்நூறு என்று தேவைக்கு அடிப்பதால், கோப்பில் மாற்றினால் அடுத்த கட்டிலேயே விளக்கு எரியத் தொடங்கிவிடும். மாற்றச் சொல்லி வரும் போன் எவ்வளவு எரிச்சல் தரும் என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது.

சரி, குறைகள். படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். அந்தப் பாட்டியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துத்தான் இறக்கினார்கள். இருபது பேர் உட்காரும் அறைக்கு மைக் எதற்கு? அது கூவிய கூவலில் கண்மாய்க்காரரின் முதல் பத்து நிமிஷம் வீண். நெறியாளர் நல்ல மனிதர், ஆனால் ஒவ்வொரு பதிலையும் தன் வார்த்தையில் இன்னொரு முறை சொல்கிறார். "எனக்குக் கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று எழுந்த ஒருவரை ஒன்பது நிமிஷம் பேச விட்டார்கள், கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகக் காட்சியில் பத்து சதவீதம் தள்ளுபடிக்குப் பழகியவர்கள் இங்கே முழு விலை கொடுக்க வேண்டியிருக்கும். எனக்கு அதில் மனக்குறை இல்லை. சுக்குக் காபியில் இனிப்பு அதிகம்.

இரண்டு புத்தகத்தையும் வாங்கினேன். கண்மாய்ப் புத்தகத்தில் வரைபடங்களைப் பாதிப் பக்கத்துக்குச் சுருக்கிவிட்டார்கள், ஊர்ப் பெயரைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். மடித்து வைக்கிற பெரிய தாளாகப் போட்டிருக்கலாம். நாவலின் எழுத்துரு கண்ணுக்கு இதம்.

போக நினைப்பவர்கள் ஐந்தரைக்கே போய் ஜன்னலோரம் இடம் பிடியுங்கள், மின்விசிறி அங்கேதான். அடுத்த மாதம் எடுத்திருக்கும் சிறுகதைத் தொகுப்பு நானே பக்கம் அமைத்தது. 112-ஆம் பக்கத்தில் ஒரு வரி இரண்டு முறை வருகிறது, அச்சுக்குப் போன பிறகுதான் பார்த்தேன். யாராவது கேட்பார்களா என்று பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்.